கண்ணுக்குக் கீழே போட்ட ஃபில்லரைக் கரைப்பது எப்படி?

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நமது மருத்துவ உதவிக் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில் டயாலிசிஸ், இதய அறுவை சிகிச்சை, பிரசவச் செலவு என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். கொஞ்ச காலமாக விண்ணப்பத்தில் எழுதப்படாத ஒரு விஷயமும் வருகிறது. அலுவலகத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருகிறார்கள். மெதுவான குரலில் கேட்கிறார்கள். "கண்ணுக்குக் கீழே ஊசி போட்டாங்க. வீங்கிப் போச்சு. அதை எடுத்துட முடியுமா?" கேட்பவர் சில சமயம் பெண்ணின் உம்மா. சில சமயம் சபுரிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகள். ஒருமுறை மாப்பிள்ளைப் பையனே வந்து தனக்காகக் கேட்டார்.

நான் மருத்துவன் அல்லன். நம் கண் முகாமுக்கு வரும் கண் மருத்துவரிடமும், ஒரு தோல் மருத்துவரிடமும் பலமுறை கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். இப்படி ஊசி போடுவது கூடுமா, கூடாதா என்பது ஹஜ்ரத்மார்கள் பேச வேண்டிய இடம். அதில் நான் நுழையவில்லை. போட்டுக்கொண்டு விட்ட பிறகு கண்ணுக்கு ஆபத்து வராமல் அதை எப்படிக் கரைப்பது என்பதுதான் என் பேச்சு.

முதலில், உள்ளே போனது என்ன? இன்று பெரும்பாலும் போடப்படுவது ஹயலுரானிக் அமிலம் என்ற ஜெல். இந்தப் பொருள் நம் தோலிலும் மூட்டுகளிலும் இயற்கையாகவே இருக்கிறது. சீக்கிரம் கரைந்துவிடாதபடி அதை இறுக்கிப் பிணைத்து ஊசியில் அடைத்து விற்கிறார்கள். அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். கன்னத்தில் அதனால் பெரிய தொல்லை தெரியாது. கண்ணுக்குக் கீழே தோல் மிக மெல்லியது. கொஞ்சம் கூடினாலும் வெளியே தெரியும். காலையில் எழுந்தால் பை போல வீக்கம், தொட்டால் கட்டி, மேலாகப் போட்டிருந்தால் தோலுக்கு அடியில் நீலம் பாரித்த நிறம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணடியில் பள்ளம் என்பது வேறு, கருமை என்பது வேறு. ஜெல் பள்ளத்தைத்தான் நிரப்பும். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு இருப்பது தோலின் நிறமே. அது வம்சவழியாக வரும். ஒவ்வாமையால் கண்ணைத் தேய்த்துத் தேய்த்தும் வரும். ரத்தசோகையில் முகம் வெளிறினால் இன்னும் எடுப்பாகத் தெரியும். அதற்கு ஃபில்லர் போட்டால் காசும் போய், கருமையும் போகாமல், வீக்கம் மட்டும் மிஞ்சும்.

"ஒரு வருஷத்துல தானா கரைஞ்சிடும்" என்று சொல்லித்தான் போடுகிறார்கள். எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்ததில் 2 ஆண்டுகள் கழிந்தும் முகத்தில் ஜெல் இருந்தவர்கள் உண்டு. ஆகவே, காத்திருந்தால் போய்விடும் என்று வருடக்கணக்கில் வீக்கத்தோடு இருக்க வேண்டியதில்லை. அதேபோல, போட்ட மூன்றாம் நாளே பதறி ஓட வேண்டியதும் இல்லை. வலியோ நிறமாற்றமோ இல்லாத சாதாரண வீக்கம், இரண்டு வாரத்தில் அடங்கிவிடுவதுண்டு. அதுவரை கையால் அழுத்தி, தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

ஹயலுரானிக் ஜெல்லாக இருந்தால் அதைக் கரைக்க மருந்து இருக்கிறது. ஹயலுரோனிடேஸ் என்று பெயர். அது ஒரு நொதி. புதிய மருந்து அல்ல. கண்புரை அறுவைக்கு முன் கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடுகிறார்கள் அல்லவா? அந்த மருந்து சீக்கிரம் பரவுவதற்காகப் பல இடங்களில் இதைத்தான் சேர்க்கிறார்கள். நம் முகாமில் கண் காட்டி அறுவை செய்துகொண்ட பெரியவர்களில் சிலருக்கும் இது போயிருக்கும். ஆனால் ஃபில்லரைக் கரைக்க என்று இந்த மருந்துக்குத் தனியாக ஒப்புதல் கிடையாது. மருத்துவர் தம் பொறுப்பில், அனுபவத்தைக் கொண்டு பயன்படுத்துகிறார். அதனால்தான் போடுகிற கை யாருடையது என்பது முக்கியமாகிறது.

நல்ல மருத்துவர் எடுத்த எடுப்பில் ஊசியைத் தூக்க மாட்டார். என்ன பொருள், எப்போது, எத்தனை மில்லி போட்டார்கள் என்று கேட்பார். தேனீயோ குளவியோ கொட்டி உடம்பெல்லாம் தடித்ததுண்டா, மூச்சு முட்டியதுண்டா என்று கேட்பார். இது சம்பந்தமில்லாத கேள்வியாகத் தோன்றும். தேனீ, குளவியின் விஷத்திலும் இதே வகை நொதி இருக்கிறது. அவர்களுக்கு இந்த மருந்து கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பலாம். அதற்காக முன்கையில் ஒரு துளி போட்டு அரை மணி நேரம் போலப் பார்ப்பார்கள். ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அட்ரினலின் இல்லாத இடத்தில் இந்த மருந்தைப் போட்டுக்கொள்ளாதீர்கள். பியூட்டி பார்லரில் அது இருக்காது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அவசரம் இல்லாதபோது தள்ளிப்போடச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் சிவந்து, சூடாக, சீழ் பிடித்ததுபோல் இருந்தால் முதலில் தொற்றைக் கவனிக்க வேண்டும். நொதியைப் போட்டால் தொற்று பரவ வழி கிடைத்துவிடும். ஆன்டிபயாடிக் இல்லாமல் அதைத் தொட மாட்டார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பதே நல்லது என்கிறார் நம் தோல் மருத்துவர். மருந்து சில மணி நேரத்திலேயே வேலை செய்யத் தொடங்கும். ஓரிரு நாளில் பெரும்பகுதி தெரிந்துவிடும். ஊசி போட்ட வீக்கம் வடிந்து, இரண்டு வாரம் கழித்துப் பார்த்து, மீதி இருந்தால் மறுபடி ஒரு தடவை. நம் உடம்பில் இயற்கையாக இருக்கும் ஹயலுரானிக் அமிலமும் கொஞ்சம் கரையும். உடம்பு அதை மீண்டும் ஊறவைத்துக்கொள்ளும். சிலருக்குக் கரைத்த பிறகு கண்ணடி முன்பைவிடக் குழிந்தது போலத் தோன்றுகிறது. இத்தனை நாள் வீங்கிய முகத்தைப் பார்த்துப் பழகியதும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பதற்றத்தில் மறுநாளே "திரும்பப் போடுங்க" என்று நிற்காதீர்கள். போட்ட அன்று சுர்மாவோ மேக்கப்போ வேண்டாம். ஒளு செய்யும்போது தேய்க்காமல் தண்ணீரை மெல்ல ஓடவிடலாமா என்று புறப்படும் முன் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நொதி எதிலிருந்து வருகிறது என்று சில சகோதரிகள் கேட்டார்கள். சரியான கேள்வி. ஆட்டிலிருந்தும் மாட்டிலிருந்தும் எடுப்பது உண்டு. மனித நொதியின் மாதிரியில் ஆய்வுக்கூடத்தில் தயாரிப்பதும் உண்டு. மருந்துக் குப்பியில் எழுதியிருப்பதை மருத்துவரிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஹஜ்ரத்திடம் விளக்கம் பெறுங்கள். வீக்கத்துக்காகக் கரைக்கும்போது அதற்கு நேரம் இருக்கிறது. இனி நான் சொல்லப்போகிற அவசரத்தில் அதற்கு நேரம் இல்லை.

ஃபில்லர் தவறி ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் அடைப்பு ஏற்படும். முகத்தின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புடையவை. ஊசி போட்டபோதோ அதைத் தொடர்ந்தோ கடுமையான வலி, தோல் திடீரென வெளுப்பது, பிறகு வலை பின்னியது போல ஊதா நிறம் படர்வது, இவை அடைப்பின் அடையாளங்கள். பார்வை மங்கினாலோ, ஒரு கண் இருண்டாலோ, இமை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. விழித்திரை ரத்தமில்லாமல் அதிக நேரம் தாங்காது. ஒன்றரை மணி நேரம்கூட அதற்கு அதிகம். தோலில் அடைப்பு என்றால் ஹயலுரோனிடேஸை அதிக அளவில், தேவைப்பட்டால் மணிக்கொரு தடவைகூடப் போடுவார்கள். முன்கைச் சோதனைக்கெல்லாம் காத்திருக்க மாட்டார்கள். ஊசி போட்டவருக்கு போன் செய்து, அவர் "ஐஸ் வைங்க, சரியாயிடும்" என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். கண் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

சென்ற ஆண்டு ஒரு குடும்பம் வந்தது. நிக்காஹுக்கு மூன்று வாரம் இருந்தது. பெண்ணுக்குப் பார்லர் ஒன்றில் கண்ணடியில் ஏதோ போட்டிருக்கிறார்கள். என்ன போட்டீர்கள் என்றால் "ஜெல்" என்பதோடு சரி. பெட்டி இல்லை, பில் இல்லை. வீங்கியதும் அதே இடத்துக்கே ரகசியமாகப் போய், லேபிள் இல்லாத ஒரு குப்பியிலிருந்து கரைக்கும் ஊசி என்று சொல்லி இன்னொன்றையும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். வீக்கம் இரட்டிப்பாகிவிட்டது. உம்மாவுக்கு இருந்த ஒரே கவலை, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பது. வாப்பாவுக்கே சொல்லவில்லை.

தோல் மருத்துவர் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொன்னார். உள்ளே இருப்பது ஹயலுரானிக் ஜெல்லா வேறா என்று அதில் பெரும்பாலும் கண்டுகொள்ளலாமாம். நல்ல வேளை, கரையக்கூடியதுதான். இரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை போட வேண்டும், இந்தத் தேதிக்குள் அவசரப்பட்டால் பொறுப்பேற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் மாமியாராக வரப்போகிறவரிடம் சொன்னார்கள். அவர் கேட்டது, "அடுத்து டாக்டரை எப்போ பார்க்கணும்?" என்பதுதான். தேதியை ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். எல்லா மாமியாரும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. மேடையில் பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த ரகசியத்துக்காகத்தான் அந்தப் பிள்ளை இரண்டாவது ஊசியையும் அதே பார்லரில் போட்டுக்கொண்டது.

எல்லா ஃபில்லரும் இப்படிக் கரையாது. கால்சியம் சேர்ந்தது, பாலி லாக்டிக் அமிலம், பி.எம்.எம்.ஏ, சிலிக்கான், நம் உடம்பிலிருந்தே எடுத்து வைக்கும் கொழுப்பு என்று பல வகை உண்டு. இவற்றில் எதையும் இந்த நொதி கரைக்காது. சிலிக்கானும் பி.எம்.எம்.ஏயும் தாமாகவும் போகாது; எடுக்க வேண்டுமென்றால் அறுவை சிகிச்சைதான், அதிலும் முழுதாக வராமல் போகலாம். கண் பக்கத்தில் கத்தி வைப்பது சின்ன விஷயம் இல்லை. கண் இமை அறுவையில் பயிற்சி பெற்றவரைத்தான் தேட வேண்டும். ஊசியே இல்லாமல் காற்றழுத்தத்தில் ஜெல்லை உள்ளே தள்ளும் பேனா போன்ற கருவியை ஆன்லைனில் விற்கிறார்கள். அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2021 அக்டோபரிலேயே எச்சரித்திருக்கிறது. பிள்ளைகளின் பார்சலில் அது வந்தால் கோபப்படுவதற்கு முன் வாங்கி வைத்துவிடுங்கள்.

சபுரில் இருக்கும் பெண்கள் அங்கே போட்டுக்கொண்டு இங்கே வந்து அவதிப்படுகிறார்கள். முறையான ஃபில்லர் பெட்டியில் பெயரும் தயாரிப்பு எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை வாங்கி ஒட்டி வைத்துக்கொண்டாலோ, போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாலோ இங்குள்ள மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. மருத்துவர் என்று சொல்லிக்கொள்பவரின் பெயரும் பதிவு எண்ணும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்களே, அவர்களிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

உதவித் தொகை கிடைக்குமா என்று பின் வரிசையிலிருந்து ஒரு சகோதரி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். அழகுக்காக ஊசி போட அறக்கட்டளை பணம் தராது. வீக்கத்தைக் கரைக்கும் செலவையும் குடும்பம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த மருத்துவரிடம் போகலாம் என்று நாங்கள் சொல்வோம். பார்வைக்கு ஆபத்து என்றால் நடுநிசியிலும் அழையுங்கள். வண்டியும் முன்பணமும் ஏற்பாடு செய்வோம், ஏன் போட்டாய் என்று யாரும் கேட்க மாட்டோம். மற்றபடி, செவ்வாய்க்கிழமைகளில் அஸருக்குப் பிறகு பெண்கள் பகுதியில் நம் மகளிர் குழுச் சகோதரி இருப்பார். அவரிடமே பேசலாம். வரும்போது பெட்டியோ, ஸ்டிக்கரோ, பில்லோ எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். வீக்கம் இல்லாத பழைய புகைப்படம் ஒன்றும் இருக்கட்டும், மருத்துவர் கேட்பார்.