நடுக்குவாதமும் நல்லெண்ணெயும்

பட்டுத் தறிகள் ஒலிக்கும் காஞ்சிமாநகரில் நெசவாளருக்கு விரல்களே மூலதனம். அவ்விரல்கள் அறுந்த இழையை முடியத் தாமதித்தால், மடிமீது ஓய்ந்திருக்கும்போது தாமே நடுங்கினால், வீட்டார் முதலில் நாடுவது எண்ணெய்க் கிண்ணத்தையே. நடுக்குவாதம் என நாம் வழங்கும் இந்நோயை 1817-ஆம் ஆண்டில் விரித்தெழுதியவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். அவர் பெயராலேயே உலகம் இதனை அழைக்கிறது.

நேயர்களே, எண்ணெய்க்கு இதில் எவ்வளவு ஆற்றல் உண்டு? நோயின் வேர் தசையில் இல்லை, நடுமூளையில் உள்ளது. அங்கே டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் நாளடைவில் அழிகின்றன. தோலில் தேய்க்கும் தைலம் அந்த அழிவைத் தடுக்காது. ஆயினும், வெதுவெதுப்பான நல்லெண்ணெயைத் தோளிலும் முதுகிலும் மெல்லத் தேய்த்துவிட்டால், இறுகிய தசை சற்று நேரம் தளரலாம்; அன்புக் கரம் படுவதால் மனம் அமைதியுறும்; உறக்கமும் எளிதில் வரலாம். அப்பயனைப் போற்றுவோம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டா. ஆனால் உள்ளங்காலில் எண்ணெய் எஞ்சியிருத்தல் ஆகாது. நிலைதடுமாறும் நோயாளி ஒருமுறை வழுக்கி விழுந்தாலே இடுப்பெலும்பு முறியக்கூடும்.

இரவில் புரண்டு படுக்க இயலாமை இந்நோயாளருக்குப் பெருந்துன்பம். இதற்கு நம் ஊர்ப் பட்டே துணையாகும். பழைய புடவையின் சரிகையில்லாத பகுதியைப் படுக்கையின் நடுவில், இடுப்புக்குக் கீழே வருமாறு விரித்துச் செருகினால், உடல் எளிதில் திரும்பும். ஓரங்களில் பருத்தி விரிப்பே இருக்கட்டும். இல்லையேல் எழும்போது வழுக்கும். கனவில் கூவுதலும் கைகால் வீசுதலும் இருந்தால், தைலம் தேடாமல் மருத்துவரிடம் கூறுக.

மூலிகையை இகழ்வதாக எண்ணற்க. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளை 1937-இல் சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்தனர். 1961-இல் வியன்னா நகர மருத்துவர்கள் அப்பொருளை ஊசி வழியே நோயாளருக்குச் செலுத்திப் பயன் கண்டனர். இன்று மாத்திரை வடிவில் அதுவே தலையாய மருந்து. ஆகவே, விதையில் மருந்து உண்டு. எனினும் அது உட்கொள்வது, பூசுவதன்று. விதைக்கு விதை அதன் அளவும் வேறுபடும். மாத்திரை உண்பவர் மருத்துவரைக் கேளாமல் விதைப்பொடியையும் உண்டால் மருந்து மிகையாகும். பொடியை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்துவதோ உயிருக்கே ஊறு விளைக்கலாம்.

மாத்திரை மணி தவறாமல் உள்ளே செல்லட்டும். எண்ணெய் அளவோடு வெளியே நிற்கட்டும். இரண்டின் இடமும் அறிந்த வீட்டில் நோயாளியின் பகல் சற்று எளிதாகும். இரவும் சற்று அமைதியாகும்.