சர்வே எண்ணில் தொடங்கும் வழக்கு



2015 டிசம்பர் 1 காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்கள் மூழ்கின. அன்று அப்பாவின் தோளில் ஏறிப் படகுக்குப் போன பிள்ளைகள் இன்று ஓட்டுப் போடும் வயதை எட்டிவிட்டார்கள். அவர்கள் காலநிலை நீதி கேட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டும் என்று உளமார விரும்புகிறவன் நான். எதைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவது என்பதைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

நம் நாட்டில் இந்த வாசலை முதலில் தட்டியவர்களில் ஒருவர் ரித்திமா பாண்டே. உத்தராகண்டைச் சேர்ந்தவர். 2013-இல் கேதார்நாத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளம் அந்தச் சிறுமியின் மனதில் தங்கிவிட்டது. 2017 மார்ச்சில், ஒன்பது வயதில், தந்தையைக் காப்பாளராகக் கொண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 52 பக்க மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். நாடு எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடலாம் என்று வரம்பு கட்டுங்கள், மீட்புத் திட்டம் ஒன்றை வகுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டார். 2019 ஜனவரி 15 அன்று மனு தள்ளுபடியானது. உத்தரவு மிகச் சிறியது. காலநிலைப் பிரச்சினை 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடக்கும் தாக்க மதிப்பீட்டிலேயே அடங்கிவிடுகிறது. பாரிஸ் உடன்படிக்கையை அரசு தன் கொள்கைகளில் கணக்கில் கொள்ளவில்லை என்று கருத முகாந்திரம் இல்லை. சாரம் அவ்வளவுதான். வழக்கு மேல்முறையீடாக உச்ச நீதிமன்றம் போனது.

ஒரு குழந்தையின் அச்சத்துக்கு அது போதுமான பதில் இல்லை. ஆனால் அந்த உத்தரவுக்குள் நமக்கு ஒரு பிடி இருக்கிறது. காலநிலை ஏற்கெனவே தாக்க மதிப்பீட்டுக்குள் இருக்கிறது என்று தீர்ப்பாயமே சொல்லிவிட்டது. அப்படியானால் நம் பகுதியில் எழும் ஒவ்வொரு பெரிய கட்டுமானத்தின் மதிப்பீட்டு அறிக்கையையும் விரித்து வைத்து, "2015 மழை இதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்கலாம் அல்லவா? 2024 மார்ச் 21 அன்று, கானமயில் பறவை தொடர்பான ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகளில் உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. உரிமை உண்டு என்றாகிவிட்டது. அதை மண்ணில் ஊன்றும் வேலை மிச்சமிருக்கிறது.

பரந்த கோரிக்கையைவிடக் குறிப்பான கோரிக்கையே நிற்கும் என்பதை வெளிநாட்டு அனுபவமும் காட்டுகிறது. அமெரிக்காவில் 2015-இல் 21 இளைஞர்கள் தம் நாட்டின் எரிசக்திக் கொள்கை முழுவதையும் எதிர்த்து ஜூலியானா வழக்கைத் தொடுத்தார்கள். பத்தாண்டு நடந்தும் விசாரணைக் கட்டத்தைத் தொடாமலே அது முடிந்தது. மொன்டானா மாநிலத்தில் 16 இளையோர் முக்கியமாக ஒரு சட்டப் பிரிவைக் குறிவைத்தார்கள். திட்டங்களை ஆராயும்போது பசுங்குடில் வாயுக்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தடுத்த பிரிவு அது. 2023 ஆகஸ்டில் வென்றார்கள். 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றுப் படுகையைக் கெடுத்ததை எதிர்த்து வேலூர் மக்கள் நல அமைப்பு வழக்காடியது. 1996 ஆகஸ்டில் அந்த வழக்கில் வந்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும், கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. இன்று அவை பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கின்றன. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரிலிருந்து பிறந்த சட்டம் அது!

இப்போது நம் தெருவுக்கு வருவோம். தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் உபரி நீர் செம்பாக்கத்துக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம். பிறகு பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். மேற்கே விழும் மழை ஆதனூர்ப் பக்கத்திலிருந்து அடையாற்றைத் தேடிப் போகும். இந்தத் தொடரில் ஒரு கண்ணி இறுகினாலும் மேலே இருப்பவர் வீட்டில் தண்ணீர் ஏறும். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். பெருமழைக்கு வலு கூடுகிறது; அது போகும் வழியோ குறுகுகிறது. "உலகம் சூடாகிவிட்டது, நாங்கள் என்ன செய்வது?" என்று அதிகாரி கை விரிக்க முடியாதபடி, இரண்டையும் ஒரே மனுவில் வைக்க வேண்டும்.

வைப்பதற்கு ஆவணம் வேண்டும். தாலுகா அலுவலகத்தில் கிராம வரைபடத்தையும், 'அ' பதிவேட்டின் நகலையும், புல வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு இரண்டு இணைகோடுகளாக வளைந்து போகும். பக்கத்தில் சர்வே எண் இருக்கும். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு நடந்து போங்கள். வரைபடத்தில் அகலமாக வளைந்து போகிற வாய்க்கால், சில இடங்களில் ஓர் ஆள் தாண்டிவிடக்கூடிய சிமெண்ட் வடிகாலாக நேர்க்கோட்டில் ஓடுவதைப் பார்ப்பீர்கள். கலங்கல் எவ்வளவு உயரம், மழை நாளில் எத்தனை மணிக்கு வழிந்தது, மதகு திறந்திருந்ததா என்று தேதியிட்டுக் குறித்து வையுங்கள். பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் தலமானது. பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஆய்வு முடியும்வரை புதிய கட்டுமான அனுமதி கூடாது என்று 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சொன்னதும் எல்லை, தூரம், வரைபடம் என்ற கேள்விகளின் மேல்தான்.

இங்கே ஓர் உறுத்தலையும் சொல்லியாக வேண்டும். நீர்நிலைகளைக் காக்கச் சொல்லி 2005-இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பும், அதையடுத்து 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் மிக நல்லவை. ஆனால் அகற்றுதல் என்று வரும்போது முதலில் இடிபடுவது கரையோரக் குடிசை. ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை எங்கே கொண்டுபோய் வைத்தோம்? பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும், சதுப்புநிலத்தின் ஓரத்தில், தண்ணீர் தேங்குகிற இடத்தில். வெள்ளத்துக்கு அஞ்சி அகற்றப்பட்டவர்களை மறுபடி வெள்ளத்திலேயே குடிவைத்தோம். இளைஞர்களின் மனு சிட்லபாக்கத்து அடுக்குமாடியில் மட்டும் எழுதப்பட்டால் இந்த அநியாயம் தொடரும். பெரும்பாக்கம் குடியிருப்பில் வளரும் பிள்ளையும் முதல் பக்கத்தில் மனுதாரராக இருக்க வேண்டும். யாரையும் அகற்றுவதானால் எங்கே, எந்த மட்டத்தில் வீடு தருவீர்கள் என்பதும் அந்த மனுவின் வேண்டுதலில் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பதினெட்டு நிரம்பாதவர் காப்பாளர் மூலம் மனு போடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குத் தீர்ப்பாயக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் காலவரம்பு கடுமையானது: வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். வெள்ளம் வடிந்து, வீட்டைக் கழுவி, பள்ளி திறந்து, தேர்வும் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த ஆறு மாதம் ஓடிவிடும். ஆகவே மழைக்கு முன்பே நகல்களை வாங்கி வையுங்கள். புதுப்பாக்கம் சட்டக் கல்லூரி மாணவர்கள் இங்கே வந்திருந்தால் ஒரு வேண்டுகோள்: ஏரிக்கு ஒருவர் என்று பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். செம்பாக்கத்திலிருந்தே தொடங்கலாம். மனு எழுதும் வேலையில் கூட உட்கார நான் வருகிறேன். என் தொலைபேசி எண்ணை அமைப்பாளர்களிடம் கொடுத்திருக்கிறேன்.