நாள் தள்ளி வந்த தீட்டா, கலைந்துபோன கருவா?

(மாதர் பிரிவின் ஞாயிறு கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான சகோதரி ஆற்றிய உரை)

கதவோரம் நிற்கும் அண்ணன்மாரே, "இது பொம்பளைங்க விசயம்" என்று நழுவப் பார்க்காதீர்கள். உள்ளே வந்து உட்காருங்கள். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

போன மழைக்காலத்தில் கீழ்ப்பிரிவில் ஒரு தங்கச்சிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவளுக்கு மூன்று கிழமையாக நாள் தள்ளிப்போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் விடியற்காலை இரத்தம் பட்டது. "தள்ளிப்போனது வந்திருச்சு" என்று துணியை வைத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டாள். தேத்தண்ணி நேரத்துக்குள் கட்டி கட்டியாகப் போகத் தொடங்கியது. இடுப்பு கழன்று விழுவதுபோல வலி. பக்கத்து நிரையில் நின்ற அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. கங்காணியிடம் எப்படிச் சொல்வது? படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு பறித்தாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையோடு விழுந்தாள்.

விழுந்தவளைச் சுற்றி நின்றவர்கள் முனி அடித்துவிட்டது என்றார்கள். திருநீறு போட்டார்கள். இதில் ஒரு மணித்தியாலம் போனது. பிறகுதான் லொறி வந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றி, கர்ப்பப்பையைக் கழுவி, நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். உயிர் தப்பினாள். நான் பார்க்கப் போனபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டீச்சர், எனக்கு வயித்துல பிள்ளை இருந்ததே தெரியாதே. நான் தீட்டுன்னுதானே நெனச்சேன்?"

அவளுக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு மருத்துவ மாதுவிடமும் கிளினிக் டொக்டரிடமும் கேட்டுக்கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் நாள் கணக்கு. நேற்று எத்தனை கிலோ பறித்தீர்கள், அதில் எத்தனை கிலோ கழித்தார்கள், இந்த மாதம் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று யாரைக் கேட்டாலும் சட்டென்று சொல்வீர்கள். ஒரு பேர் குறைந்தால் செக்ரோல்காரரை விடமாட்டீர்கள். சரி, கடைசியாக உங்களுக்குத் தீட்டு வந்தது எந்தத் தேதி? பார்த்தீர்களா, சிரிக்கிறீர்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை. "தைப்பூசத்துக்கு முன்னுக்கு", "சம்பளத்துக்கு அடுத்த நாள்" என்றுதான் வருகிறது. அதுவும் கணக்குத்தான், ஆனால் ஆஸ்பத்திரியில் அது போதாது.

தீட்டு தொடங்கிய முதல் நாளிலிருந்து அடுத்த தீட்டு தொடங்கும் நாள் வரை எண்ண வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு அது 21 நாளுக்கும் 35 நாளுக்கும் இடையில் வரும். ஒருவருக்கு 26, இன்னொருவருக்கு 32, இரண்டும் சரிதான். உங்களுக்கு வழக்கமாக எத்தனை என்பதுதான் முக்கியம். இரத்தம் இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை படலாம். கர்ப்பத்தைக் கணக்கிடும்போதும் டொக்டர்கள் கடைசித் தீட்டின் முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். 28 நாளுக்கு ஒருமுறை தீட்டு வருகிறவளுக்கு மூன்று கிழமை தள்ளிப்போனால் 28உம் 21உம் 49. அதாவது ஏழு கிழமைக் கர்ப்பம். அந்தத் தங்கச்சி கீழே விழுந்தபோது ஏழு கிழமை. தேதி எழுதி வைத்திருந்தால் அவளே கூட்டிப் பார்த்திருப்பாள்.

இப்போது தீட்டையும் கருச்சிதைவையும் எப்படிப் பிரித்து அறிவது? உண்மையைச் சொல்கிறேன், இரத்தத்தைப் பார்த்து மட்டும் எப்போதும் சொல்லிவிட முடியாது. நான்கைந்து நாள் மட்டும் தள்ளிப்போய் வருகிற இரத்தம் தாமதமாக வந்த தீட்டாகவும் இருக்கலாம், தங்காமல் போன கருவாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். சற்று அதிகமாகப் போகும், சற்று அதிகமாக வலிக்கும், அவ்வளவுதான். டொக்டராலும் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தம் படுவதற்கு முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்திருந்தால் தெரியும். அவ்வளவு சீக்கிரத்தில் கலைவது பெரும்பாலும் தானாகவே முழுதாக வெளியேறிவிடும்.

ஆனால் இரண்டு மூன்று கிழமை தள்ளிப்போன பிறகு வருவது வேறு மாதிரி இருக்கும். வழக்கமான தீட்டில் முதல் இரண்டு நாள் அதிகமாகப் போய்ப் பிறகு குறையும். வலியும் உங்களுக்குப் பழகிய வலியாகவே இருக்கும். கரு கலையும்போது சிலருக்கு முதலில் கொஞ்சமாகப் பழுப்பாகப் பட்டுப் பிறகு கூடும். வலி விட்டுவிட்டு இறுக்கிப் பிடிக்கும், முதுகுக்குப் போகும், பிரசவ வலியை அறிந்தவர்கள் "அது மாதிரியே" என்பார்கள். பெரிய கட்டிகள் போகலாம். சாம்பல் நிறத்திலோ வெளிறிய நிறத்திலோ சதை மாதிரி ஏதாவது போகலாம். அதற்கு முன்னால் சில நாள் மார்பு கனத்து, குமட்டி, தேயிலை வாடையே பிடிக்காமல் இருந்திருந்தால், அந்தக் குமட்டல் திடீரென்று நின்றுபோயிருந்தால், அதையும் நினைவில் வையுங்கள். சதை மாதிரிப் போனால் கழுவி ஊற்றாமல் சுத்தமான ஒரு பையில் போட்டு டொக்டரிடம் காட்டுங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை, பார்த்ததைச் சொன்னால் போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்த பிறகு கொஞ்சம் இரத்தம் பட்டால் எல்லாம் போய்விட்டது என்று அழத் தேவையில்லை. முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு இரத்தம் படுகிறது. அவர்களில் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஆனாலும் காட்ட வேண்டும். ஸ்கேன் செய்து பார்த்தால்தான் தெரியும்.

சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டி டவுன் பாமசியில் கிடைக்கிறது. வாங்க வெட்கமாக இருந்தால் மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள். என்னிடம் சொன்னாலும் நான் வாங்கி வருகிறேன், எனக்கு வெட்கமில்லை. நாள் தள்ளியதும் காலையில் போகிற முதல் சிறுநீரில் பார்க்கலாம். இல்லை என்று காட்டியும் தீட்டு வராவிட்டால் ஒரு கிழமை கழித்து மறுபடியும் பாருங்கள். கரு கலைந்த பிறகும் சில கிழமைக்கு அந்தப் பட்டி இரண்டு கோடு காட்டும். அதை நம்பி "பிள்ளை இருக்கிறது" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

இனிச் சொல்வதை மட்டுமாவது மறக்காதீர்கள். ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பேட் நனைந்து, அடுத்த மணித்தியாலமும் அப்படியே போனால் அது தீட்டா கருவா என்று யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள். துணி வைக்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். உடனே ஆஸ்பத்திரி. தலை சுற்றி மயக்கம் வந்தாலும், காய்ச்சலோ நடுக்கமோ வந்தாலும், கெட்ட வாடையோடு நீர் போனாலும் அப்படியே. கருவின் ஒரு பகுதி உள்ளே தங்கிவிட்டால் இரத்தம் நிற்காது, கிருமியும் பிடிக்கும். நம்மில் பலருக்கு ஏற்கெனவே இரத்தம் குறைவு. வேறொருத்தி தாங்குகிற இரத்தப்போக்கை நம் உடம்பு தாங்காது.

ஒரு பக்கமாக அடிவயிறு குத்தி வலித்தால், தோள்பட்டை நுனியில் காரணமில்லாமல் வலித்தால், இரத்தம் கொஞ்சமாகப் பட்டாலும் ஓடுங்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கலாம். நூறு கர்ப்பத்தில் ஒன்று இரண்டு அப்படி ஆகும். குழாய் வெடித்தால் உள்ளுக்குள்ளேயே இரத்தம் கொட்டும், வெளியே தெரியாது. "நான் ஆபரேசன் செஞ்சவ, எனக்கு எப்படி" என்று சொல்லும் அக்காமார் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கருத்தடை ஆபரேசனுக்குப் பிறகு கரு தங்குவது அபூர்வம். ஆனால் தங்கினால் அது குழாயில் தங்குவதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே ஆபரேசன் செய்தவர்களும் நாளை எண்ணுங்கள்.

வண்டிக்காகத் துரை பங்களாவைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பாதை மோசமான பிரிவுகளில் இருப்பவர்கள் அதைப் பிரதான பாதைக்கு வரச் சொல்லிவிட்டு நாம் தூக்கிக்கொண்டு இறங்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிறவர்களும் உண்டு. "நீதான் ஏதாவது குடிச்சிருப்பே" என்று கேட்பார்களோ, பொலிசுக்குச் சொல்வார்களோ என்று பயம். தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு அல்லாமல் கருவைக் கலைப்பதுதான் நம் நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம். தானாகக் கலைவது யாருடைய குற்றமும் இல்லை. எந்தக் காரணத்தால் இரத்தம் போனாலும் ஆஸ்பத்திரி சிகிச்சை தர வேண்டும். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கடைசித் தீட்டுத் தேதி, எப்போது இரத்தம் தொடங்கியது, எத்தனை துணி மாற்றினீர்கள், என்ன மருந்து குடிக்கிறீர்கள், உங்கள் இரத்த வகை என்ன, இவைதான் அவர்களுக்குத் தேவை. இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்த பிள்ளையைக் காப்பாற்ற ஊசி தேவையா என்று டொக்டர் முடிவு செய்வார்.

லயத்துக்குத் திரும்பி வந்தால் அடுத்த விசாரணை தொடங்கும். பப்பாளி தின்றாயா, அன்னாசி தின்றாயா, பாலத்தடியில் போனாயா? மாமியார்மாரே, கோபிக்க வேண்டாம். தெரிந்த கர்ப்பங்களில் நூறுக்குப் பத்திலிருந்து இருபது வரை கலைகின்றன, அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்தில். அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கரு உண்டாகும்போதே அதன் அமைப்பில் இருந்த கோளாறு. ஒரு துண்டு பழத்தால் வருவது அல்ல இது. நானும் ஒன்றை இழந்தவள்தான். புலமைப்பரிசில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த மாதம் அது. படி ஏறியதால்தான் என்று ஒரு வருசம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். தேவையில்லாத ஒரு வருசம் அது.

இதைச் சொன்னால் நிர்வாகம் "பார்த்தீர்களா, வேலையால் இல்லையே" என்று நம்மிடமே திருப்பிப் போடும். அதற்கும் இடம் கொடுக்க முடியாது. நாள் தள்ளிய பெண் மருந்து அடித்த மலையில் நிற்கக் கூடாது, பாரம் தூக்கிச் சரிவில் ஏறக் கூடாது என்று நாம் கேட்பது நியாயம். இரத்தம் போகிறவளை நிறுவை முடியும் வரை நிற்க வைப்பதை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது.

சம்பளம் பற்றி ஒரு இடத்தில் வரும் என்று தெரியும்தானே. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நமக்கு இருக்கிறது. 2018இல் திருத்தியதால் எத்தனையாவது பிள்ளை என்றாலும் 12 கிழமை கிடைக்கிறது. ஆனால் அது பிரசவத்துக்கான சட்டம். ஏழாம் கிழமையில் கலைந்தவளுக்கு அதில் இடம் இல்லை. அந்தத் தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாளும், வீட்டில் படுத்திருந்த நாட்களும் பேர் இல்லாத நாட்கள். வெளுத்த முகத்தோடு இரண்டாம் கிழமையே கூடையைத் தூக்கினாள். கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் 1961இல் வந்த மகப்பேற்றுச் சட்டமே, கருச்சிதைவுக்கு 6 கிழமை சம்பளத்தோடு விடுமுறை என்று எழுதிவைத்தது. 1964 ஒப்பந்தத்தில் பிரிந்து நீலகிரிக்குப் போய் அங்கே கொழுந்து பறிக்கிற நம் அத்தை மக்களுக்கு அந்த உரிமை. ஒரே குடும்பம், ஒரே தொழில், நமக்கு மட்டும் இல்லை. இதை அடுத்த கூட்டு ஒப்பந்தக் கோரிக்கையில் சேர்க்க வேண்டும் என்ற தீர்மானத்தை மாதர் பிரிவு இன்று முன்வைக்கிறது. டொக்டர் துண்டு இருந்தால் போதும், காரணத்தை ஆண் கங்காணியிடம் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்பதும் அதில் இருக்கிறது.

இப்போது அண்ணன்மாருக்கு. கங்காணிமார் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். ஒரு பெண் "உடம்புக்கு முடியல, இறங்கிப் போறேன்" என்றால் "என்ன" என்று கேட்காமல் கூட ஓர் ஆளைச் சேர்த்து அனுப்புங்கள். வீட்டுக்காரர்களே, அந்த நாட்களில் தண்ணீர் தூக்குவதும் விறகு பிளப்பதும் உங்கள் வேலை. அழுதால் அழட்டும். இரத்தம் ஒன்று இரண்டு கிழமையில் குறைந்து நிற்கும். அடுத்த தீட்டு நான்கிலிருந்து ஆறு கிழமைக்குள் வரும். உடம்பு தேறும் முன் அடுத்த பிள்ளைக்கு அவசரப்படுத்தாதீர்கள். எப்போது என்று கிளினிக்கில் இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

மேசையில் ஒரு பெட்டி நிறையச் சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மாதங்களைக் கோடு போட்டுத் தந்திருக்கிறார்கள். தீட்டு தொடங்கிய நாளில் ஒரு புள்ளி வைத்தால் போதும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளை இருந்தால் அவளுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவ மாது வந்திருக்கிறார், தேத்தண்ணிக்குப் பிறகு பிள்ளைக் காம்பராவில் இருப்பார். ஒவ்வொருவராகப் போய்த் தனியாகக் கேட்கலாம்.