வடிதாளில் இருந்த மர்மம்

படியேறும்போது நம் தசைகளுக்கு வலுவளிப்பது அவற்றுள் சேமித்து வைக்கப்பட்டுள்ள கிளைக்கோசன். அதனை உடைத்துக் கொடுப்பது பொசுபோரிலேசு என்னும் நொதியம். இதற்கு உறங்கும் வடிவம் ஒன்றும் உழைக்கும் வடிவம் ஒன்றும் உண்டு.

1950களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில், எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் என்னும் அறிஞர் இருவர் முயலின் தசைச்சாற்றை ஆராய்ந்தனர். முன்னோர் வகுத்த முறைப்படி வடிதாளில் வடித்தபோது உழைக்கும் வடிவம் கிடைத்தது. தாளை விடுத்து, சுழற்பொறியால் தெளிவித்தபோதோ உறங்கும் வடிவமே கிடைத்தது!

நான் கலைப் பட்டதாரி. இரசாயனம் எனக்கு அயல்வீடு. ஆயினும் இவ்விடத்தில் என் மனம் உறுத்துகின்றது. பரிசோதனையில் வேறு விடை கண்ட மாணவனைக் கவனமற்றவன் என்று கடிந்திருக்கின்றேன். ஏன் வேறுபட்டது என்று ஒருநாளும் கேட்டேனல்லேன்.

அவ்விருவரும் கேட்டனர். தாளிலிருந்து கசிந்த சிறிதளவு கல்சியமே காரணமென்று கண்டனர். அக்கல்சியம் சாற்றிலிருந்த மற்றொரு நொதியத்தைத் தூண்ட, அது பொசுபோரிலேசின் புரதத்தில் ஒரு பொசுபேற்றை ஒட்டிவிடுகின்றது, உறங்கியது விழிக்கின்றது. வேறொரு நொதியம் அதனை அகற்றினால் மீண்டும் உறங்குகின்றது. தசையில் மட்டுமன்று, உயிரணுக்களின் எண்ணற்ற கருமங்கள் இவ்வாறே ஆளப்படுகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. நோபல் பரிசு 1992இலேதான் அவர்களை வந்தடைந்தது.

ஒருவகை இரத்தப் புற்றுநோயில், பொசுபேற்றை ஒட்டும் நொதியமொன்று ஓய்வறியாது உழைக்கின்றது. அதனை அடக்கும் இமற்றினிப் என்னும் மருந்து 2001இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நோயாளர் அதனை வில்லையாக விழுங்குகின்றனர்.