முடிவெடுக்கும் முன் இடரை எடைபோடுவோம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டோல்கேட்டில் வாழும் நாம் 2017 ஜனவரி 28ஆம் நாளை மறந்திருக்க மாட்டோம். அன்று அதிகாலை, எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. எண்ணெய்க் கசிவு இல்லையென்றே முதலில் அறிவிக்கப்பட்டது. ஆனால் எர்ணாவூர்க் கரையில் கரிய எண்ணெய் திரண்டு ஒதுங்கியது. மீனவரும் மாணவரும் அதனை வாளிகளால் அள்ளினர். என்றோ நிகழக்கூடியது என்று எண்ணப்பட்டது நிகழ்ந்தபோது, வாளியே கருவியாயிற்று.

இடரை மதிப்பிட நிறுவனங்கள் இரு வினாக்களை எழுப்புகின்றன. தீங்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு? நேர்ந்தால் இழப்பு எவ்வளவு? இரண்டிற்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டுப் பெருக்குவர். எளிய முறையே, எனினும் குறை உண்டு. அடிக்கடி நேரும் சிறு தொல்லைக்கும் விடை 5. என்றோ நேரும் பேரிழப்பிற்கும் விடை 5. எனவே மூன்றாம் வினாவையும் நாம் சேர்த்தல் வேண்டும்: அவ்விழப்பைச் சுமப்பவர் யார்? எண்ணெய் பரவியபோது சுமந்தவர், முடிவெடுக்கும் மேசையில் இடம்பெறாத மீனவரே.

நம் சங்கமும் இப்பாடத்தைப் பட்டே கற்றது. மிகுந்த வட்டி தருவதாகச் சொன்ன ஒரு சீட்டு நிறுவனத்தில், கல்லூரிக் கட்டண உதவிநிதி முழுவதையும் ஒரே கூட்டத்தில் கைதூக்கிப் போட்டோம். ஐயம் எழுப்பிய உறுப்பினர் ஒருவரை, “எதற்கும் தடை சொல்பவர்” என்று அமர்த்தினோம். அமர்த்தியவருள் நாமும் ஒருவர். நிறுவனம் மூடப்பட்டது. செயற்குழுவினர் எவர் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. மாணவியர் இருவர் கல்லூரியில் சேர இயலாமல் வேலைக்குச் சென்றனர்.

இன்று கட்டட நிதி பற்றிய முடிவு நம்முன் நிற்கிறது. வாக்கெடுப்பிற்கு முன் மூன்று செயல்களைச் செய்வோம். ஓராண்டு கழித்து இத்திட்டம் தோற்றுவிட்டதாகக் கொண்டு, காரணத்தை ஒவ்வொருவரும் தனித்தாளில் எழுதுவோம். பேசத் தயங்குபவரும் எழுதுவார். நிதியை ஒரே இடத்தில் வைக்காது பிரிப்போம். வங்கி வைப்புக்கு, ஒரு வைப்பாளருக்கு ஒரு வங்கியில் 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020இல் அவ்வரம்பு 1 இலட்சத்திலிருந்து உயர்த்தப்பட்டது. மறுப்புரையையும் தீர்மானப் புத்தகத்தில் பதிவோம்.

இளைஞர்களே! இனி இம்மேசையில் அமரப்போவோர் நீங்கள். மறுத்துப் பேசுபவரை அமர்த்தாதீர்கள். அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். அம்மாணவியர் இருவருக்கும் இச்சங்கம் பட்ட கடன் அதுவாகும்.