கருத்தும் காட்சியும்: தமிழ்த் திரையை மறுபடி பார்ப்பது



கலையிலும் ஊடகத்திலும் கருத்தும் காட்சியும் எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்பதுதான் இந்தக் கருத்தரங்கின் பொருள். ஓவியம், இதழ்ப் படங்கள், விளம்பரம், நாடகம் என்று பல துறைகளிலிருந்து கட்டுரைகள் வந்துள்ளன. அத்தனையையும் தொட்டுப் பேசினால் எதையும் சொல்லாமல் உட்கார்ந்துவிடுவேன். ஆகவே நான் வாழ்நாள் முழுதும் படித்த துறையான தமிழ்த் திரைப்படத்தோடு நின்றுகொள்கிறேன்.

ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். 1950-ல் வெளிவந்த மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி'யில், மனைவியைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான் கணவன். பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். உச்சியில் அவன் எண்ணம் தெரிந்ததும் அவள் கெஞ்சவில்லை. சாகுமுன் கணவனை மூன்று முறை வலம்வர அனுமதி கேட்கிறாள். வலம்வருகிறாள். பின்னால் வந்த நொடியில் தள்ளிவிடுகிறாள். மாதுரி தேவியும் எஸ்.ஏ. நடராஜனும் நடித்த அந்த இடத்தில் அறம், கற்பு, தண்டனை என்று யாரும் விளக்கம் சொல்லவில்லை. வணக்கமாகத் தொடங்கும் சுற்று தீர்ப்பாக முடிகிறது. அந்தப் பெண் நடந்த வட்டத்துக்குள்ளேயே கருத்து முழுதாக இருக்கிறது.

இந்தப் படத்தின் கதை வசனம் கலைஞர் மு. கருணாநிதியுடையது. இயக்குநராகப் பெயர் போட்டவர்கள் இருவர்: எல்லிஸ் ஆர். டங்கன், டி.ஆர். சுந்தரம். டங்கன் அமெரிக்கர். தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை படித்துவிட்டு 1935-ல் இந்தியா வந்தவர். தமிழ் அறியாதவர். அடுக்குமொழியால் தமிழகத்தை ஆட்டிவைக்கப் போகிற எழுத்தாளரும், அந்த மொழியில் ஒரு வாக்கியம்கூட விளங்காத இயக்குநரும் ஒரே படத்தில் சேர்ந்தார்கள். சொல்லை நம்பியவருக்கும் கண்ணை நம்பியவருக்கும் அந்த மலையுச்சி பொதுவான இடமாக அமைந்தது. அதை யாராவது ஒருவருடைய வெற்றியாகப் பிரித்துக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் காட்சியின் மூலம் குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று நாம் எண்ணிச் சொல்லும் அந்த நூலில் நமக்குக் கிடைத்தவை 19 செய்யுள்கள்தாம். சொற்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. ஆனால் மலையுச்சியில் கள்வனைச் சுற்றிவந்து தள்ளிய பெண்ணின் உருவம் அழியவில்லை. உரைகளின் வழியே, கதைகளின் வழியே பல நூற்றாண்டு நடந்து மாடர்ன் தியேட்டர்ஸின் சேலத்துப் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்து சேர்ந்தது.

இதே டங்கன் 1945-ல் 'மீரா' எடுத்தபோது செய்த ஒரு வேலை நம் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படப்பிடிப்புக்கு முன் எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலையொன்றைச் செய்யச் சொல்லி, ஒளிப்பதிவாளர் ஜிதேன் பானர்ஜியோடு சேர்ந்து அதன்மேல் பல கோணங்களில் ஒளி பாய்ச்சிப் படம் பிடித்துப் பார்த்தார். எந்த ஒளியில் அந்த முகம் பக்தியாகிறது, எந்த நிழலில் துயராகிறது என்று தேடினார். பாட்டின் பொருளை அவரால் காதால் அறிய முடியாது. முகத்தில் அது எங்கே உதிக்கிறது என்று கண்டுபிடித்தார். குழந்தை மீரா ஒரே பாட்டுக்குள் வளர்ந்த மீராவாகிற அந்த மாற்றத்தை இன்று பார்த்தாலும் இசைக்கும் படத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரியாது.

தமிழ் சினிமா பேசிப் பேசியே கெட்டது என்ற குற்றச்சாட்டு ஒன்று நம் அறிவுலகில் நெடுநாளாக இருக்கிறது. இளமையில் நானும் அந்த மொழியிலேயே வளர்ந்தேன். இப்போது அதைப் பாதிக்குமேல் ஏற்க முடியவில்லை. பேச்சு ஏன் வந்தது என்று பாருங்கள். 1931-ல் 'காளிதாஸ்' பேசும்படமாக வெளிவந்தபோது நடிக்க வந்தவர்கள் நாடக மேடையிலிருந்து வந்தார்கள். பாடத் தெரிந்தவரே நடிகர். நடிக்கிறவரே படப்பிடிப்பில் பாட வேண்டும். ஒலிவாங்கியின் எல்லையை விட்டு அவர் நகர முடியாது, அவர் நகராதபோது கேமராவுக்கும் நகர வேலையில்லை. 1938-ல் ஏ.வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' பின்னணிப் பாடலைக் கொண்டுவந்த பிறகுதான் பாடுகிறவரின் உடலுக்கு விடுதலை கிடைத்தது. அதுவரை கேமரா அசையாமல் நின்றதற்குக் கற்பனை வறட்சியை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமில்லை.

பிறகு 'வேலைக்காரி' வந்தது, 'பராசக்தி' வந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மக்கள், தங்களுக்காக ஒருவன் கூண்டில் நின்று நல்ல தமிழில் வழக்காடுவதை 1952-ல் 'பராசக்தி'யில் கேட்டார்கள். அந்த மக்களுக்குப் பேச்சே பெரிய காட்சி. கிருஷ்ணன்-பஞ்சுவின் அந்த நீதிமன்றக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மெலிந்த ஓர் இளைஞன், முதல் படம், கூண்டின் கம்பிக்குமேல் எழும் முகம், புருவம் ஏறி இறங்குகிற வேகம். வசனம் இல்லாமலும் அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும். சிவாஜி கணேசன் வசனத்தை உச்சரித்தார் என்று சொல்வது குறைவு, அதைத் தம் உடம்பில் எழுதிக் காட்டினார். அவரைப் பார்த்துப் பின்னால் வந்த படங்கள் பல வசனத்தை எடுத்துக்கொண்டு உடம்பை விட்டுவிட்டன. குற்றச்சாட்டின் மீதிப் பாதி அவற்றுக்கே பொருந்தும்.

வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். ஒரு முழுப் படத்தையும் காதால் கேட்டு முடித்துவிடலாம். திருவிழாப் பந்தலில் 'திருவிளையாடல்' ஒலிபெருக்கியில் ஓடும், ஊரே உடன் சொல்லும். படத்தைப் பாராமலே படம் புரிந்தது என்பது அந்தப் படத்துக்குக் குறையா? அதில் நாகேஷ் நடித்த ஏழைப் புலவர் தருமி கோயில் மண்டபத்தில் தனியே புலம்பும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வசனம் அத்தனையும் நமக்கு மனப்பாடம். ஆனால் திரையில் பார்க்கும்போது, அந்தப் பெரிய தூண்களுக்கு நடுவே நாகேஷின் ஒடிசலான உடம்பு வளைந்து, சுருண்டு, நிமிர்ந்து, மறுபடி சுருள்கிறது. வறுமை என்ற கருத்து காதில் நகைச்சுவையாக விழுகிறது, கண்ணில் வலியாக விழுகிறது. ஒலிச்சித்திரம் கேட்டவருக்குப் பாதிதான் கிடைத்தது. கருத்தையும் காட்சியையும் பிரித்துப் பார்த்தால் இரண்டில் ஒன்று எதையாவது இழக்கிறதா என்பதே நான் கைக்கொள்ளும் சோதனை. இழக்கவில்லை என்றால் அவை சேர்ந்திருக்கவே இல்லை.

இப்போது மகேந்திரனுக்கு வருகிறேன். சிவாஜியின் காவல்துறை அதிகாரி வேடத்தால் புகழ்பெற்ற 'தங்கப்பதக்கம்' படத்தின் கதை வசனம் இவருடையது. உரத்த வசனம் எப்படி எழுதுவது என்று நன்றாகத் தெரிந்தவர். அவரே 1978-ல் 'முள்ளும் மலரும்' வழியாக இயக்குநரானபோது பேச்சைக் குறைத்தார். அடுத்த ஆண்டு 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' தந்த பொறியிலிருந்து அவர் வேறொரு மனிதனை உருவாக்கினார்: ஊரில் மதிப்புள்ளவன், வீட்டில் கொடியவன், குரலைக்கூட உயர்த்தாத சுந்தரவடிவேலு.

படத்தின் முடிவை நினைவுபடுத்துகிறேன். அவன் செய்த கொடுமைக்குப் பின் ஊர் ஆண்கள் அவனை ஆற்றங்கரைக்கு நடத்திவருகிறார்கள். அடிக்கவில்லை. ஆற்றில் இறங்கு என்பதே தண்டனை. இறங்குமுன் அவன் ஊராரைப் பார்த்துச் சொல்வது, உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேனே, அதுவே நான் செய்தவற்றில் பெரிய தவறு என்ற பொருள்பட ஒரு பேச்சு. பிறகு தண்ணீர். கரையில் ஓடும் அவன் குழந்தைகள். அசோக்குமாரின் கேமரா, இளையராஜாவின் இசை.

அந்த ஒரு பேச்சை நீக்கிவிட்டால் என்ன ஆகும்? தீயவன் செத்தான் என்று நாம் நிம்மதியாக எழுந்து போயிருப்போம். அந்த வசனம்தான் நம் நிம்மதியைப் பிடுங்கிக்கொள்கிறது, நல்லவர்கள் கூடி ஒரு கொலை செய்ததை நம் முன்னால் வைக்கிறது. சரி, வசனத்தை வைத்துக்கொண்டு ஆற்றை நீக்கினால்? மேடையில் கேட்ட அறிவுரையாகப் போயிருக்கும். அந்தக் குழந்தைகள் இல்லையென்றால், தீர்ப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது தெரியாமலே போயிருக்கும். மௌனப் படங்களின் தலைவர் என்று மகேந்திரனைப் போற்றுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். எங்கே ஒரு சொல் இல்லாமல் முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார், மற்ற இடங்களில் வாயை மூடிக்கொண்டார்.

பாலு மகேந்திராவின் 'வீடு' 1988-ல் வந்தது. நகரத்து நடுத்தரக் குடும்பம் சொந்தமாக ஒரு வீடு கட்ட முயல்கிறது, அவ்வளவுதான் கதை. கட்டுமானக் கணக்கு, சிமெண்ட், ஒப்பந்தக்காரர், அரசு அலுவலகம். சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழும்பிய சுவர்களுக்குள் தனியாக வந்து நின்று தடவிப் பார்க்கிற இடத்தில் அந்த முதியவரின் விரல்கள் பேசுகின்றன. பின்னால் ஒலிப்பது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பின் இசை. உரிமை, முதுமை, உழைப்பு என்று நாம் கட்டுரைகளில் எழுதும் சொற்கள் அங்கே செங்கல்லும் ஈரச் சுவருமாக இருக்கின்றன.

இனி ஆய்வாளர்களிடம் ஒரு குறை சொல்ல வேண்டும். கா. சிவத்தம்பி 1981-லேயே தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்து காட்டினார். சு. தியடோர் பாஸ்கரன் அதன் வரலாற்றை எழுதினார். எம்.ஜி.ஆர். என்ற பிம்பம் எளிய மக்களை எப்படிப் பிடித்துவைத்தது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ல் எழுதினார். அவர்கள் போட்ட பாதையில் நாம் வெகுதூரம் போயிருக்க வேண்டும். ஆனால் இன்று வரும் ஆய்வேடுகள் பலவற்றில் கதைச் சுருக்கம் இருக்கிறது, வசன மேற்கோள் இருக்கிறது, பாடல் வரி இருக்கிறது. கேமரா எங்கே நின்றது, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நீடித்தது என்ற பேச்சே இல்லை. திரைப்படத்தை நாவலைப் போலப் படிக்கிறோம்.

இதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. நம்மிடம் எஞ்சியிருப்பதைப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இல்லை. 'காளிதாஸ்' படச்சுருள் இல்லை. தென்னகத்து மௌனப்படங்களில் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான் புனே ஆவணக் காப்பகத்தில் முழுப் படமாகப் பிழைத்திருக்கிறது. பழைய படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், வெப்பத்தில் மக்கும். மிஞ்சிய சுருள்களை வெள்ளிக்காக உருக்கினார்கள். ஆனால் அதே படங்களின் பாட்டுப் புத்தகங்கள் பரணில் பிழைத்தன. இசைத்தட்டுகள் பிழைத்தன. கதை வசனப் புத்தகங்கள் நடைபாதைக் கடைகளில் பிழைத்தன. காட்சி அழிந்து சொல் மட்டும் எஞ்சிய ஒரு காப்பகத்தை வைத்துக்கொண்டு, தமிழ் சினிமா சொல்லால் ஆனது என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம். இழப்பையே இயல்பு என்று எழுதிவைத்திருக்கிறோம். இது என்னை மிகவும் வருத்துகிறது.

பிழைத்த படங்களின் நிலையும் நன்றாக இல்லை. 1954-ல் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தார். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஒரு கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள், ஒவ்வொரு சாட்சியமும் தனியொரு காட்சியாக விரிகிறது. யாரை நம்புவது என்ற கேள்வியை அந்தப் படம் நிழலால் கேட்கிறது. வெளுத்துப்போன தொலைக்காட்சிப் பிரதியில் அந்த நிழல் சாம்பல் நிறமாகிவிடுகிறது. அதைப் பார்த்து ஒரு மாணவர், நல்ல கதை, ஒளிப்பதிவு சுமார் என்று எழுதினால் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். நல்ல பிரதியை அவர் கையில் கொடுக்காத நம்மையே சொல்வேன். படப் பாதுகாப்பு தொழில்நுட்பர்களின் வேலை என்று ஒதுங்காமல், நம் பல்கலைக்கழகங்கள் அதைத் தமிழாய்வின் ஒரு பகுதியாக ஏற்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். ஓலைச்சுவடிகளைத் தேடி உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போனார். படச்சுருளைத் தேடிப் போவதற்கு இன்று ஆள் வேண்டும்.

நிகழ்காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நாளைய அமர்வுகள் அதற்கென்றே இருக்கின்றன. தராசு இப்போது மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. கணினி வரைகலையால் எதையும் காட்டலாம் என்று ஆன பிறகு, எதைக் காட்ட வேண்டும் என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. நாயகன் மெல்ல நடந்துவருவதற்கு நான்கு நிமிடம் ஒதுக்குகிற படம், அவன் ஏன் வருகிறான் என்பதற்கு நான்கு வாக்கியம் ஒதுக்குவதில்லை. பேச்சைக் குறைத்துவிட்டால் கலையாகிவிடும் என்ற நம்பிக்கையும் சில இளம் இயக்குநர்களிடம் பரவியிருக்கிறது. சிந்திக்காத மௌனமும் சிந்திக்காத வசனத்தைப் போலவே வெறுமையானது. ஆயினும் எனக்கு நம்பிக்கை உண்டு. மணிகண்டனின் 'காக்கா முட்டை'யில் சிறுவர்கள் ஏறி முட்டை எடுத்த மரம் வெட்டுண்டு அங்கே பீட்சா கடை எழுகிறது. உலகமயம் என்ற கருத்து அந்தக் குழந்தைகளின் கண்ணுயரத்தில் நிகழ்ந்து முடிகிறது. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. தகிக்கும் வெயிலில் தகப்பனும் மகனும் நடக்கிறார்கள். கடைசியில் பெண்கள் ஊற்றுக்குழியில் தண்ணீர் சுரக்கச் சுரக்க மொண்டுகொண்டிருப்பதைக் கேமரா விலகாமல் பார்க்கிறது. அதுவரை ஆணின் கோபத்தைப் பார்த்துவந்த படம், அந்த வறண்ட மண்ணில் யார் பொறுமையால் குடும்பங்கள் உயிரோடு இருக்கின்றன என்பதை அங்கே காட்டிவிடுகிறது.

கட்டுரை வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரையில் பேசும் படமோ ஓவியமோ எதுவாயினும், ஒரு காட்சியையாவது இந்த அவையில் திரையிட்டு, எங்களோடு சேர்ந்து பார்த்து, பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். நேரம் போதாது என்று அமர்வுத் தலைவர்கள் மணி அடித்தால், கோட்பாட்டு முன்னுரையைச் சுருக்கிக்கொள்ளுங்கள், காட்சியைச் சுருக்காதீர்கள். ஒருங்கிணைப்பாளர்கள் அதற்கான திரையும் ஒலியும் தயாராக வைத்திருக்கிறார்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.