பூரணைக்கு ஒன்று

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நம் பழைய ஆசிரியைகளின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிந்து, நூற்றாண்டு பொட்காஸ்ட்டாக வெளியிடப்போகிறோம்; பொறுப்பு என்னிடம். இந்தச் செய்தி வட்ஸ்அப் குழுவில் போன இரவே கோரிக்கைகள் குவிந்துவிட்டன. வாரம் இரண்டு வேண்டும் என்றார் ரொறன்ரோவில் இருக்கும் ஓர் அக்கா. வீடியோவாகத் தரலாமே என்றார் இன்னொருவர். பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவித்தல், கந்தசுவாமி கோயில் திருவிழா நேரடி வர்ணனை என்று பட்டியல் நீண்டது.

கேட்டதில் பிழையில்லை. நாம் இலங்கை வானொலியோடு வளர்ந்தவர்கள். ‘பொங்கும் பூம்புனல்’ பிந்தினால் வீட்டுக் கடிகாரத்தைத்தான் சந்தேகிப்போம். ஆனால் அந்தக் குரல்களுக்குப் பின்னால் தயாரிப்பாளர், ஒலிப்பதிவாளர், இசைத்தட்டுக் களஞ்சியம், மாதச் சம்பளம் எல்லாம் இருந்தன. இங்கே எல்லாம் ஒருத்திதான். அவளுக்கு அடுப்படியும் உண்டு.

இருபது நிமிடப் பேச்சிலிருந்து மீன்காரரின் கூவலையும் மின்விசிறி இரைச்சலையும் நீக்கிச் சீராக்க எனக்கு நான்கு மணித்தியாலம் செல்கிறது. மார்கழி மழையில் மின்சாரம் போகிற கிழமைகளும் இருக்கின்றன. அந்தக் கிழமையிலும் என்னால் முடிகிற அளவைத்தான் வாக்காகத் தரலாம் என்று தீர்மானித்தேன். ஆகவே மாதம் ஒன்று, பூரணை தினத்தில். இங்கே அன்று விடுமுறை. லண்டனிலும் மெல்பேர்ணிலும் அதே நிலவுதான். நம் வாவியில் மீன் பாடுவதைக் கேட்கவும் நிலவு நாளில்தானே போகிறோம்! அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளாரின் உதவியோடு 1960களில் இலங்கை வானொலியில்கூட ஒலிபரப்பான பாட்டு அது. அந்த மீன்களும் தினமும் பாடுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

முதல் பருவம் ஆறு பாகங்கள். அதன்பின் ஓய்வு. 2014இல் அமெரிக்காவில் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்ட ‘சீரியல்’ பொட்காஸ்ட்கூட முதல் பருவத்தைப் 12 பாகங்களோடு நிறுத்தியது. வீடியோ இல்லை: கமராவைக் கண்டால் ரீச்சர் சேலை மாற்றப் போய்விடுவார், திரும்பி வரும்போது மேடைப் பேச்சோடு வருவார். இருபது நிமிட ஒலி பத்து மெகாபைட்டுக்குள் அடங்கும்; டேட்டா கார்ட் போடுகிறவர்களையும் நினைக்க வேண்டும்.

ஆனால் ஒரு விடயத்தில் மெத்தனம் கூடாது. நமக்குப் படிப்பித்தவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். வெளியீடு பூரணை பார்த்து வரலாம், பதிவு காத்திருக்க முடியாது. ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சிக்குக் கதை எழுதியவர்கள் நேயர்கள்தானே? அதேபோல், பதியும் வேலையை உங்களிடம் தருகிறேன். உங்கள் ஊரில் இருக்கும் ரீச்சரிடம் போங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மடித்த துவாயின்மேல் போனை வைத்து, அழைப்பு வராமல் செய்யுங்கள். திகதியும் இடமும் சொல்லி, வெளியிட அவருடைய சம்மதத்தையும் பதிவிலேயே கேளுங்கள். பிறகு குறுக்கிடாதீர்கள். எதையும் வெட்டாமல், குரல் செய்தியாக அல்லாமல் கோப்பாகவே அனுப்புங்கள்; அப்போதுதான் தரம் குறையாது.

மூன்று பாகங்கள் கைவசமான பிறகே முதலாவது வெளிவரும். இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவதற்கு, இருமல் சுகமானதும் வரச்சொல்லியிருக்கிறார் ரீச்சர். வரும் ஞாயிறு போகிறேன்.